சுவாமி சிவானந்தர்

சுவாமி சிவானந்தர் (செப்டம்பர் 8, 1887 - ஜூலை 14, 1963) தமிழ்நாட்டில் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் இமயமலை அடிவாரத்தில் உள்ள ரிஷிகேஷில் துறவியாக வாழ்ந்த யோக ஆசிரியர் ஆவார். இவரது முழுமையான துறவறப் பெயர் சுவாமி சிவானந்த சரஸ்வதி என்பதாகும். 1936 ஆம் ஆண்டில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியவர் இவரே. யோகம், வேதாந்தம், உடல்நலம் ஆகிய துறைகளில் 200க்கும் மேற்பட்ட நூல்களை எழுதியுள்ளார். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

தியானம் செய்ய விரும்புபவர் முதலில் உடலையும், நாடிகளையும், மனத்தையும் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்பது இவரது போதனையின் அடிப்படை ஆகும். சக்கரங்கள், குண்டலினி ஆகியவற்றைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் எழுதிப் பரப்பிய தொடக்ககால இந்திய ஆசிரியர்களுள் இவரும் ஒருவர். அதே வேளையில் ஆயுர்வேத மருந்தகம் ஒன்றையும், இலவச மருத்துவமனை ஒன்றையும் ஆசிரமத்தின் பகுதியாகவே இவர் நடத்தி வந்தார்.

பிறப்பும் கல்வியும்

சிவானந்தரின் இயற்பெயர் குப்புசாமி. பாய் நெசவுக்குப் பெயர் பெற்ற, திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை என்னும் ஊரில் வெங்கு ஐயர், பார்வதி அம்மாள் இணையருக்கு மூன்றாவது மகனாகப் பிறந்தார். 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞரான அப்பய்ய தீட்சிதரின் மரபில் வந்த குடும்பம் இவருடையது. தந்தையார் எட்டயபுரம் சமீனில் தாசில்தாராகப் பணியாற்றியதால், குப்புசாமியின் பள்ளிக் கல்வி எட்டயபுரம் ராஜா உயர்நிலைப் பள்ளியில் அமைந்தது. 1901 ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் ஆம்ப்தில் பிரபு குருமலைப் பகுதிக்கு வேட்டைக்கு வந்தபோது, மாணவரான குப்புசாமி வரவேற்புப் பாடல் பாடினார்.

1903 இல் மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்ற பின், திருச்சிராப்பள்ளியில் எஸ். பி. ஜி. கல்லூரியில் சேர்ந்தார். அங்கு 1905 இல் நடைபெற்ற சேக்சுபியரின் நாடகம் ஒன்றில் எலனா என்னும் பெண் பாத்திரத்தில் நடித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய தேர்விலும் இவர் தேர்ச்சி பெற்றார். அதன் பின்னர் தஞ்சாவூரில் மருத்துவம் பயின்றார்.

1909 ஆம் ஆண்டில் அம்புரோசியா என்ற மருத்துவ இதழைத் தொடங்கினார். தொடக்கச் செலவுக்காகத் தம் தாயாரிடம் 100 ரூபாய் பெற்றுக்கொண்டார். நான்கு ஆண்டுகள் வெளிவந்த இவ்விதழ், மருத்துவச் செய்திகளைப் பொதுமக்களிடம் கொண்டு செல்வதை நோக்கமாகக் கொண்டிருந்தது. எழுதி அச்சிட்டுப் பரப்புவதில் பிற்காலத்தில் இவர் காட்டிய ஆர்வத்தின் முதல் அடையாளமாக இவ்விதழைக் கருதலாம்.

மலாயாவில் மருத்துவப் பணி

1913 இல் குப்புசாமி கப்பலேறி மலாயா சென்றார். அக்காலத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பெருந்தொகையான தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்து வந்தனர். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் செரம்பான் நகருக்கு அருகில் இருந்த தோட்ட மருத்துவமனை ஒன்றில் இவருக்கு வேலை கிடைத்தது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அங்குப் பணியாற்றிய பின்னர், ஜொகூரில் ஒரு மருத்துவ நிறுவனத்தில் சுமார் மூன்று ஆண்டுகள் பணி செய்தார்.

ஏழை நோயாளிகளிடம் கட்டணம் பெறாமல் மருத்துவம் பார்த்ததோடு, வழிச்செலவுக்குத் தம் கைப்பணத்தையும் கொடுத்தனுப்பும் வழக்கம் இவருக்கு இருந்தது. இக்காலத்தில் வீட்டு வைத்தியம், பழங்களும் உடல்நலமும், பொதுச் சுகாதாரம் ஆகியவை குறித்து ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். நோய்களின் ஆங்கிலப் பெயர்களுக்குரிய தமிழ்ச் சொற்களைத் தரும் நூலொன்றையும் வெளியிட்டார். நோயாளியின் மொழியில் நோயை விளக்க வேண்டிய தேவை தோட்ட மருத்துவர்களுக்கு அன்றாடம் இருந்ததை எண்ணும்போது, இந்நூலின் பயன் தெளிவாகும்.

இக்காலத்திலேயே ஆன்மிக நூல்களைப் படிப்பதிலும் யோகப் பயிற்சியிலும் இவருக்கு ஈடுபாடு ஏற்பட்டது. இவரிடம் மருத்துவம் பெற்றுக் குணமடைந்த சாது ஒருவர் தந்த வேதாந்த நூல் இவரது மனமாற்றத்துக்குக் காரணமாயிற்று என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. மருந்தால் உடல் துன்பத்தைத் தற்காலிகமாகவே நீக்க முடிகிறது, மனிதரின் மூலத் துன்பம் அப்படியே எஞ்சி நிற்கிறது என்ற எண்ணம் இவரிடம் வலுப்பெற்றது. நல்ல வருவாயும் மதிப்பும் இருந்த வேலையை 1923 இல் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார்.

துறவு

சென்னையில் நண்பர் ஒருவரின் வீட்டில் தம் உடைமைகளை வைத்துவிட்டுக் காசிக்குப் பயணமானார். பின்னர் மகாராட்டிரத்தில் நாசிக், புனே, பண்டரிபுரம் ஆகிய இடங்களுக்குச் சென்றார். தலஜ் என்ற ஊரில் அஞ்சல் அலுவலர் ஒருவரின் வீட்டில் சமையல் செய்து சில காலம் தங்கினார். தவத்துக்கேற்ற இடம் எது என்று கேட்டபோது, ரிஷிகேஷுக்குச் செல்லுமாறு அந்த அலுவலரே வழிகாட்டினார்.

1924 மே மாதம் ரிஷிகேஷை அடைந்தார். அதே ஆண்டு ஜூன் 1 ஆம் நாள், சுவாமி விசுவானந்த சரஸ்வதியிடம் துறவற தீட்சை பெற்றுச் சிவானந்த சரஸ்வதி என்ற பெயரை ஏற்றார். அதன் பின் கங்கையின் இடக்கரையில் உள்ள சுவர்க்காசிரமத்தில் சிறு குடில் ஒன்றில் தங்கினார். அன்னசத்திரத்தில் கிடைத்த ரொட்டியே உணவாக அமைந்தது. நாளின் பெரும்பகுதியைத் தியானத்தில் கழித்த இந்த ஆண்டுகளிலும் மருத்துவத்தை இவர் முற்றிலும் கைவிடவில்லை. நோயுற்ற சாதுக்களின் குடில்களுக்குச் சென்று மருந்தும் உணவும் அளித்து வந்தார். முதிர்வுற்ற காப்பீட்டுப் பணத்தைக் கொண்டு 1927 இல் இலட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். பத்ரிநாத், கேதார்நாத் செல்லும் யாத்திரிகர்கள் அவ்வழியே நடந்து சென்றதால், அது அவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. 1931 இல் கயிலை, மானசரோவர் யாத்திரை மேற்கொண்டார்.

தெய்வீக வாழ்க்கைச் சங்கம்

1934 இல் சிவானந்தர் சுவர்க்காசிரமத்தை விட்டுக் கங்கையின் வலக்கரையில் உள்ள முனி கி ரேத்தி என்ற இடத்துக்கு வந்தார். கைவிடப்பட்டிருந்த மாட்டுக் கொட்டில் ஒன்றே முதல் சீடர்களின் தங்குமிடமாயிற்று. பின்னர் தெஹ்ரி கார்வால் மன்னர் அளித்த நிலத்தில் ஆசிரமம் வளர்ந்தது. இவ்விடம் இன்று உத்தராகண்டம் மாநிலத்தில் சிவானந்த நகர் என்று அழைக்கப்படுகிறது.

1936 இல் சங்கத்தின் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1938 இல் மாத இதழ் தொடங்கப்பட்டது. 1943 டிசம்பரில் ஆசிரமத்தில் இடைவிடாத நாமசங்கீர்த்தனம் தொடங்கியது. 1945 இல் ஆயுர்வேத மருந்தகமும், 1948 இல் யோக வேதாந்தப் பயிற்சி நிறுவனமும், 1951 இல் அச்சகமும் ஏற்பட்டன. 1950 செப்டம்பர் முதல் நவம்பர் வரை இரண்டு மாதங்கள் இந்தியாவெங்கும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தார். 1953 இல் ஆசிரமத்தில் உலகச் சமய மாநாடு ஒன்றை நடத்தினார்.

1950 ஜனவரியில், மாலை வழிபாட்டின்போது ஒருவர் கோடரியால் இவரைத் தாக்கினார். குறி தவறியதால் சிவானந்தர் உயிர் தப்பினார். தாக்கியவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதோடு, அவருக்கு மந்திர உபதேசம் செய்து, நூல்களும் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தார்.

சக்கரங்களும் நாடி சுத்தியும்

1935 இல் வெளியான குண்டலினி யோகம் என்ற ஆங்கில நூலில் சிவானந்தர் சக்கரங்களைப் பற்றி விரிவாக எழுதினார். பூர்ணானந்தர் 1577 இல் இயற்றிய சட்சக்கர நிரூபணம் என்ற வடமொழி நூலை, கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியான ஜான் உட்ராஃப் 1919 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கியிருந்தார். அறிஞர்களுக்கு உரியதாக இருந்த இப்பொருளைப் பயிற்சி செய்வோர் புரிந்துகொள்ளும் வகையில் எழுதியதே சிவானந்தரின் பங்களிப்பாகும்.

இம்மரபின்படி சக்கரங்கள் சூக்கும உடலில், முதுகுத்தண்டின் வழியே செல்லும் சுழுமுனை நாடியில் அமைந்துள்ளன. அவை பின்வருமாறு:

- மூலாதாரம் - முதுகுத்தண்டின் அடி, 4 இதழ்கள்
- சுவாதிட்டானம் - பிறப்புறுப்பின் அருகே, 6 இதழ்கள்
- மணிபூரகம் - உந்தி, 10 இதழ்கள்
- அனாகதம் - இதயம், 12 இதழ்கள்
- விசுத்தி - தொண்டை, 16 இதழ்கள்
- ஆக்ஞை - புருவ நடு, 2 இதழ்கள்

இவ்வாறுக்கும் மேலாக உச்சந்தலையில் ஆயிரம் இதழ்களை உடைய சகசிராரம் உள்ளதாகக் கூறப்படுகிறது. இச்சக்கரங்கள் திருமூலரின் திருமந்திரத்திலும் பிற தமிழ்ச் சித்தர் பாடல்களிலும் ஆதாரங்கள் என்ற பெயரில் பேசப்படுவது குறிப்பிடத்தக்கது. இக்காலத்தில் படங்களில் காணப்படும் ஏழு வானவில் நிறங்கள், இவ்வடமொழி நூலில் உள்ளவை அல்ல. அவை 20 ஆம் நூற்றாண்டில் மேலை நாடுகளில் உருவான அமைப்பாகும்.

சக்கரங்களைத் தூய்மை செய்தல் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவது, சிவானந்தரின் நூல்களில் நாடி சுத்தி என்ற பெயரில் வருகிறது. நாடிகளில் மாசு இருக்கும்வரை பிராணன் சுழுமுனையில் செல்லாது என்பது அடயோக நூல்களின் கொள்கை. இதற்கு அவர் கூறிய வழிகள் மூன்று வகைப்படும். முதலாவது, உடலைத் தூய்மை செய்யும் ஆறு கிரியைகள். தௌதி, வஸ்தி, நேதி, நௌலி, திராடகம், கபாலபாதி என்பன அவை. இரண்டாவது, இரு நாசிகளிலும் மாறி மாறி மூச்சை இழுத்து விடும் பிராணாயாமம். மூன்றாவது, தன்னலமற்ற தொண்டு.

இம்மூன்றில் கடைசியாகச் சொல்லப்பட்டதையே அவர் மிகவும் வலியுறுத்தினார். மனத்தூய்மை பெறாமல் குண்டலினியை எழுப்ப முயல்வது பயனற்றது, தீங்கும் தரக்கூடியது என்று எச்சரித்தார். தியானத்தில் ஒளி தெரிவதையும் ஓசை கேட்பதையும் பெரும் சாதனையாக எண்ணிவிடக் கூடாது என்பதும் அவரது கருத்து. குண்டலினியை எழுப்பும் ஆவலோடு வந்த இளைஞர்கள் பலர், ஆசிரமத்தில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யவும், தட்டச்சு செய்யவும், தண்ணீர் சுமக்கவும் பணிக்கப்பட்டனர். யோகப் பயிற்சிக்கு முன்பாக அல்ல, அதன் முதற் படியாகவே அவர் இப்பணிகளைக் கருதினார்.

ஆயுர்வேதமும் அன்றாட ஒழுங்கும்

மேலை மருத்துவம் பயின்றவராயினும் சிவானந்தர் ஆயுர்வேதத்தை மதித்தார். ஆயுர்வேதம், இயற்கை மருத்துவம், வீட்டு வைத்தியம் ஆகியவை பற்றித் தனித்தனி நூல்கள் எழுதினார். 1945 இல் தொடங்கிய மருந்தகம், இமயமலைப் பகுதி மூலிகைகளைக் கொண்டு மருந்துகள் தயாரித்தது. ஆசிரம மருத்துவமனையில் மேலை மருத்துவமும் நடைபெற்றது. 1957 இல் கண் மருத்துவமனையும் உருவானது. ஒரு மருத்துவ முறையை ஏற்பதற்காக மற்றொன்றை மறுக்க வேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

ஆயுர்வேதத்தில் தினசரியை என்று கூறப்படும் நாளொழுங்கைத் தியானப் பயிற்சியோடு இணைத்து, இல்லறத்தாரும் கடைப்பிடிக்கும் வகையில் 20 அறிவுரைகளாக அவர் தொகுத்தார். அவற்றுள் சில:

- காலை 4 மணிக்கு எழுதல். இது பிரம்ம முகூர்த்தம் எனப்படும்.
- கிழக்கு அல்லது வடக்கு நோக்கி அமர்ந்து அரை மணி நேரம் செபமும் தியானமும் செய்தல். இதைச் சிறிது சிறிதாக மூன்று மணி நேரம் வரை கூட்டலாம்.
- ஆசனங்கள், பிராணாயாமம், நடை ஆகியவற்றால் உடலைப் பேணுதல்.
- சாத்துவிக உணவை அளவாக உண்ணுதல். புளி, வெங்காயம், பூண்டு, மிகு காரம் ஆகியவற்றைக் குறைத்தல் அல்லது விடுதல்.
- ஏகாதசி நாள்களில் நோன்பிருத்தல்.
- நாள்தோறும் இரண்டு மணி நேரம் மௌனம் காத்தல்.
- வருவாயில் பத்தில் ஒரு பங்கை அறத்துக்குக் கொடுத்தல்.
- அன்றைய குறைகளை இரவில் நாட்குறிப்பில் எழுதுதல்.

உணவின் அளவைப் பொறுத்தவரை, வயிற்றில் பாதியை உணவாலும் கால் பங்கை நீராலும் நிரப்பி, எஞ்சிய கால் பங்கை வெறுமையாக விட வேண்டும் என்ற பழைய விதியை அவர் எடுத்துரைத்தார். வயிறு நிறைய உண்டவருக்குத் தியானத்தில் உறக்கமும், பட்டினி கிடப்பவருக்குச் சோர்வும் வரும் என்பதே இதன் காரணம்.

ஆன்மிக நாட்குறிப்பு இவரது முறையில் தனிச்சிறப்புடையது. எழுந்த நேரம், செபத்தின் எண்ணிக்கை, சொன்ன பொய்கள், சினம் கொண்ட முறைகள் முதலியவற்றை அட்டவணையில் நிரப்பி, மாத முடிவில் தமக்கு அனுப்புமாறு தொலைவில் வாழ்ந்த மாணவர்களிடம் கேட்டுக்கொண்டார். மருத்துவர் நோயாளியின் குறிப்பேட்டைப் பார்ப்பது போன்ற ஒரு முறை என்று இதனைக் கூறலாம்.

சீடர்கள்

சிவானந்தர் இந்தியாவை விட்டு மேலை நாடுகளுக்குச் சென்றதில்லை. இவரது போதனை சீடர்கள் வழியாகவும், கடிதங்கள், நூல்கள் வழியாகவும் பரவியது.

- சுவாமி சிதானந்தர் - 1963 முதல் 2008 இல் மறையும் வரை சங்கத்தின் தலைவராக இருந்தார்.
- சுவாமி சின்மயானந்தர் - 1949 இல் தீட்சை பெற்றார். சின்மயா மிஷன் இவரது முயற்சியால் 1953 இல் உருவானது.
- சுவாமி சச்சிதானந்தர் - கோயம்புத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். இலங்கையில் பணியாற்றிய பின் அமெரிக்கா சென்றார். 1969 இல் வுட்ஸ்டாக் இசைவிழாவில் தொடக்கவுரை ஆற்றினார்.
- சுவாமி விஷ்ணுதேவானந்தர் - கனடாவின் மொண்ட்ரியால் நகரில் சிவானந்த யோக மையத்தைத் தொடங்கினார்.
- சுவாமி சத்தியானந்தர் - பீகார் மாநிலம் முங்கேரில் யோகப் பள்ளியை நிறுவினார். சக்கரங்கள் பற்றிய பயிற்சி முறைகளை மேலும் விரிவுபடுத்தினார்.
- சுவாமி சிவானந்த ராதா - செருமனியில் பிறந்த பெண் துறவி. 1956 இல் தீட்சை பெற்றுக் கனடாவில் ஆசிரமம் அமைத்தார்.

பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், 1950களின் இறுதியில் விமானப்படைத் தேர்வில் வாய்ப்பை இழந்து மனம் தளர்ந்திருந்தபோது ரிஷிகேஷில் சிவானந்தரைச் சந்தித்தார். அவரது ஆறுதல் மொழிகள் தமக்கு ஊக்கம் அளித்ததாகத் தம் தன்வரலாற்றில் கலாம் பதிவு செய்துள்ளார்.

மறைவு

சிவானந்தர் பல ஆண்டுகள் நீரிழிவு நோயாலும் முதுகுவலியாலும் துன்புற்றார். நடக்க இயலாத நாள்களிலும் அலுவலகத்துக்கு வந்து கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவதை நிறுத்தவில்லை. ஒழுங்கான வாழ்க்கை நோயே இல்லாத உடலைத் தரும் என்று அவர் கூறவுமில்லை. நோயிலும் மனம் கலங்காதிருப்பதே பயிற்சியின் பயன் என்பது அவரது நிலைப்பாடு. 1963 ஜூலை 14 ஆம் நாள் இரவு, கங்கைக் கரையில் இருந்த தம் குடிலில் 75 ஆம் வயதில் காலமானார். அவரது சமாதி ஆசிரம வளாகத்தில் அமைந்துள்ளது.

மதிப்பீடும் விமர்சனமும்

மந்திரங்களையும் யோக முறைகளையும் அஞ்சல் வழியாகக் கற்பித்தது, அயல்நாட்டினருக்கும் பெண்களுக்கும் தாராளமாகத் துறவு அளித்தது ஆகியவை அக்கால மரபாளர்களின் விமர்சனத்துக்கு உள்ளாயின. இவரது நூல்களில் ஒரே கருத்து மீண்டும் மீண்டும் வருவதும் குறையாகச் சொல்லப்படுகிறது. பல தரப்பட்ட வாசகருக்காக விரைந்து எழுதி, பெருமளவில் இலவசமாக வழங்கப்பட்டவை என்பது இதற்கு ஓரளவு விளக்கமாகும். மானிடவியலாளர் சாரா ஸ்ட்ராஸ் 2005 இல் வெளியிட்ட ஆய்வு நூலில், யோகம் உலக நாடுகளுக்குப் பரவியதில் சிவானந்தரின் சங்கத்துக்கு முக்கிய இடம் அளித்துள்ளார்.

சக்கரங்களை நரம்புப் பின்னல்களோடு ஒப்பிட்டு இவர் எழுதிய பகுதிகள் அறிவியல் நோக்கில் ஏற்கப்பட்டவை அல்ல. உடற்கூற்றியலில் சக்கரங்கள் என்ற உறுப்புகள் இல்லை. அவை தியானத்தில் மனத்தை நிறுத்துவதற்கான இடங்கள் என்ற அளவில் புரிந்துகொள்ளத் தக்கவை. தௌதி, வஸ்தி போன்ற கிரியைகளையும், மூச்சை நீண்ட நேரம் நிறுத்தும் பயிற்சிகளையும் நூலை மட்டும் பார்த்துச் செய்தல் ஆபத்தானது. அவரது நூல்களும் இதனைக் கூறுகின்றன. எளிதில் பின்பற்றக்கூடியனவாக இன்றும் எஞ்சி நிற்பவை, அதிகாலையில் எழுதல், அளவான உணவு, மௌனம், தொண்டு, நாட்குறிப்பு ஆகிய எளிய பழக்கங்களே ஆகும்.